அத்தி பூக்காத மரம் அல்ல

மேலே ஒருவர், 'அத்தி பூக்காமலே காய்க்கும், அதனால்தான் அத்தி பூத்தாற்போல என்கிறோம்' என்று எழுதியிருக்கிறார். சொல்வழக்கு அழகுதான், ஆனால் விஷயம் அப்படி இல்லை. அத்தி தாராளமாகவே பூக்கிறது. பூ வெளியே தெரியாது, அவ்வளவுதான். பச்சைப் பிஞ்சு ஒன்றை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உள்சுவர் முழுக்க நெருக்கமாக நிற்பவை எல்லாம் பூக்கள், நூற்றுக்கணக்கில். நாம் காய் என்று சொல்வதே உண்மையில் ஒரு மூடிய பூங்கொத்து. நுனியில் ஊசித்துளை மாதிரி ஒரு வாய் இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள பெண் குளவி அதற்குள் நெருக்கியடித்து நுழையும்போது, பெரும்பாலும் இறக்கைகள் பிய்ந்துவிடும். உள்ளே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். அப்புறம் அதன் மகள்கள்தான் மகரந்தத்தோடு அடுத்த பிஞ்சைத் தேடிப் பறக்கும். ஆலுக்கும் அரசுக்கும் இதே கதைதான், மூன்றும் ஒரே பேரினம்.