அப்பீல் போகச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மின்கட்டணத்தை உயர்த்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணை பற்றி நான் பேசி முடிப்பதற்குள், "ஆணை தவறென்றால் அப்பீல் போக வேண்டியதுதானே, இங்கே ஏன் புலம்புகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நான்கு பேர் கைதட்டினார்கள்.

எங்கே போவது, ஐயா? மின்சாரச் சட்டம் 2003, 111ஆம் பிரிவின்படி 45 நாட்களுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதன் தலைமையிடம் டெல்லி. அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால்தான். இதற்கு முன்பிருந்த 1998ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தில் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்கே போனது. சென்னை என்றால் காலையில் ரயிலேறி இரவு வீடு திரும்பிவிடுவேன். டெல்லிக்குக் காட்பாடியிலிருந்து ஒன்றரை நாள் பயணம்.

ராணிப்பேட்டையில் என் பட்டறை. தோல் பதனிடும் டிரம்களுக்கு உதிரி பாகம் கடைகிறோம். எங்களைப் போல 50 கிலோவாட்டைத் தாண்டி 112 கிலோவாட் வரையுள்ள தாழ்வழுத்தத் (LT) தொழில் இணைப்புக்கு, கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் 2022 செப்டம்பர் ஆணையில் 150 ஆனது. ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நின்ற மாதத்திலும் அதைக் கட்டினேன். அப்பீலுக்கு ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். டெல்லி போய்வர அவர் சொன்ன தொகை, ஒரு வருடத்தில் எனக்குக் கூடிய கட்டணத்தைவிட அதிகம். இதற்குப் பெயர் உரிமையா?

உயர் நீதிமன்றத்தைவிடத் தொழில்நுட்பம் தெரிந்த உறுப்பினர் உள்ள தீர்ப்பாயம் மேல் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். டெல்லிக்கு வெளியேயும் அது அமரலாம் என்று சட்டமே சொல்கிறதே, சென்னையில் நிரந்தரமாக அமரட்டும். சங்கங்கள் போகுமே என்பீர்கள். பெரிய ஆலைகளின் சங்கங்கள் போகும். ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு யார் போவார்கள்? மின்வாரியம் கடனில் தத்தளிக்கிறதே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கட்டணத்தை உயர்த்தவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? கணக்கைச் சரிபார்க்க என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மன்றம் வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டமும் கோவை, மதுரை, சென்னையில்தான் நடந்தது. வட ஆற்காட்டுக்கு யாரும் வரவில்லை. விலை வைக்கும்போதும் எங்களைத் தேடி வருவதில்லை, முறையிட நினைத்தாலும் நாங்கள்தான் ஓட வேண்டும். அதைச் சொன்னால் புலம்பல் என்கிறீர்கள்.

முப்பது வருடமாக மின்கட்டணத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டுகிறவன் நான். கைதட்டிய நால்வரில் ஒருவர் என் பட்டறையில்தான் ஷாஃப்ட் கடைந்து வாங்குகிறார். அவராவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.