அக்ரிமென்ட் போட்ட அன்னைக்கே கோர்ட் பார்க்கட்டும்

வாடகைத்தாய் அக்ரிமென்ட்னு சொன்னதும் எல்லாரும் கேக்குறது எவ்ளோ குடுத்தாங்கன்னுதான். ஆனா அந்தப் பேப்பர்ல பதில் இருக்க வேண்டிய கேள்விங்களே வேற. ரெட்டைக் கரு தங்கிடுச்சுன்னா ஒண்ணைக் குறைக்கச் சொல்லலாமா? ஸ்கேன்ல குழந்தைக்கு ஏதோ குறைன்னு தெரிஞ்சா முடிவு யாரோடது? பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்காம கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்தா சுமந்த பொண்ணுக்கு யாரு பொறுப்பு? குழந்தை வேணும்னு வந்த ஜோடி நடுவுல பிரிஞ்சுட்டா அந்தப் புள்ள யாருகிட்ட போகும்?

கடைசி கேள்வி நிஜமாவே நடந்துச்சு. ஒரு ஜப்பான் ஜோடிக்காக குஜராத் ஆனந்த்ல ஏற்பாடு பண்ணின குழந்தை 2008-ல பிறக்குறதுக்கு முன்னாடியே அவங்க டைவர்ஸ் ஆயிட்டாங்க. மனைவி எனக்கு வேணாம்னுட்டாங்க, கருமுட்டை குடுத்தவங்க வேற ஒருத்தர், சுமந்தவங்களும் பெத்துக் குடுத்ததோட சரி, அப்பா கேக்குறாரு ஆனா தனியா இருக்குற வெளிநாட்டு ஆம்பளை பெண் குழந்தையைத் தத்தெடுக்க அப்போ இந்தியச் சட்டத்துல வழி இல்ல. அம்மா பேரு என்ன எழுதுறதுன்னே தெரியாம பர்த் சர்டிபிகேட் சிக்கல், பாஸ்போர்ட் சிக்கல், ஜப்பான்லேர்ந்து பாட்டி வந்து பார்த்துக்கிட்டு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. பேபி மஞ்சி கேஸ்னு தேடுங்க. இத்தனை பெரியவங்க சேர்ந்து உருவாக்கின ஒரு குழந்தைக்கு ஊருக்குப் போக பேப்பர் இல்ல, கொடுமை.

அமெரிக்காவுல பேபி எம் கேஸ் இன்னும் பழசு. பத்தாயிரம் டாலருக்கு அக்ரிமென்ட், 1986-ல குழந்தை பிறந்ததும் சுமந்து பெத்தவங்க தர மாட்டேன்னுட்டாங்க (அதுல கருமுட்டையும் அவங்களோடதுதான்). 1988-ல நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட் அந்த அக்ரிமென்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, ஆனா குழந்தையோட நலன் பார்த்து கஸ்டடிய அக்ரிமென்ட் போட்ட அப்பாவுக்கும், வந்து பார்க்குற உரிமைய சுமந்த அம்மாவுக்கும் குடுத்துச்சு. அதே நியூஜெர்சி 2018-ல தனிச் சட்டம் போட்டு, சுமக்குறவங்க கருமுட்டை இல்லாத முறைக்கு மட்டும் அனுமதி குடுத்து, அவங்களுக்குத் தனி வக்கீல் கட்டாயம்னு வச்சது. இதுக்கு 30 வருஷம்!

பிரிட்டன்ல வேற மாதிரி. 1985 சட்டப்படி அக்ரிமென்ட் போடலாம், ஆனா கோர்ட்ல அமல்படுத்த முடியாது. சுமந்து பெத்தவங்கதான் சட்டப்படி அம்மா, குழந்தைய வாங்கிட்டுப் போனவங்க அப்புறமா கோர்ட்டுக்குப் போயி உத்தரவு வாங்கணும். அதுவரைக்கும் குழந்தைய வளர்க்குறவங்க ஒருத்தர், சட்டம் அம்மான்னு சொல்றது இன்னொருத்தர்.

என் கருத்து என்னன்னா, இந்த ரெண்டு கேஸ்லயும், பிரிட்டன் சட்டத்துலயும் கோர்ட் தப்பான நேரத்துல உள்ள வருது. குழந்தை பிறந்தப்புறம் ஜட்ஜ் உக்காந்து யாரு அம்மான்னு யோசிக்குறது டூ லேட். கிரீஸ்ல 2002 சட்டப்படி கருவை வைக்குறதுக்கு முன்னாடியே கோர்ட் அனுமதி வாங்கணும். இஸ்ரேல்ல 1996-லேர்ந்து ஒரு கமிட்டி அக்ரிமென்ட்ட பார்த்து ஓகே பண்ணணும். அந்த ரெண்டு நாட்டு சட்டத்துலயும் எனக்கு ஒத்துக்க முடியாத விஷயம் இருக்கு, ஆனா டைமிங் சரி. கரு வைக்குறதுக்கு முன்னாடி ஜட்ஜ் ரெண்டு தரப்பையும் தனித்தனியா கூப்பிட்டு, படிச்சீங்களா புரிஞ்சுதா, பிரிஞ்சுட்டா யாரு, செத்துட்டா யாருன்னு கேட்டு, குழந்தை பிறந்த நொடியிலேர்ந்து யாரு சட்டப்படி அப்பா அம்மான்னு அன்னைக்கே எழுதி முடிச்சிடணும்.

வக்கீல் ஃபீஸ ஜோடி கட்டலாம், ஆனா சுமக்குற பொண்ணோட வக்கீல அந்தப் பொண்ணுதான் தேர்ந்தெடுக்கணும். ஜோடியோட வக்கீலே "நீங்க இங்க கையெழுத்து போடுங்கம்மா"ன்னு விரல் வச்சுக் காட்டுறதுக்குப் பேரு சம்மதமா?

அதே சமயம் குழந்தை யாருக்குன்னு அக்ரிமென்ட் முடிவு பண்ணலாம், உடம்பை முடிவு பண்ணக் கூடாது. கருவைக் கலைக்கணுமா வேணாமா, சிசேரியனா, எந்த மருந்துன்னு வர்ற ஷரத்து எதுவா இருந்தாலும் செல்லாதுன்னு சட்டத்துலயே எழுதிடணும். அவங்க கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பணம் பத்தியும் சொல்லிடுறேன். இந்தியாவுல 2021 சட்டப்படி மருத்துவச் செலவும் 36 மாச இன்ஷூரன்ஸும் மாதிரி சில செலவுகள் மட்டும்தான், சுமந்ததுக்குன்னு பணம் குடுத்தா கிரிமினல் குற்றம். கரு வைக்குறதுக்கு முன்னாடி சுமக்குறவங்க மனசு மாறி விலகிக்கலாம்னு இருக்கு, அது நல்ல விஷயம். ஆனா டாக்டருக்கு ஃபீஸ், லேபுக்கு ஃபீஸ், பேப்பர் எழுதுறவருக்கு ஃபீஸ், ஒம்போது மாசம் சுமக்குறவங்க மட்டும் தியாகி! காசு குடுத்தா சுரண்டல்னு சொல்றவங்க பயம் எனக்குப் புரியுது, ஏழைப் பொண்ணுங்கதான் வருவாங்க, உண்மை. ஆனா தடை பண்ணினா கைமாறுற காசு நிக்குமா? கணக்குல வராது, அவ்ளோதான், ஏமாத்திட்டாங்கன்னு அந்தப் பொண்ணு போயி சொல்லக் கூட இடம் இருக்காது. ஜட்ஜ் முன்னாடி தொகை எழுதி, அது ஒரு பொது அக்கவுன்ட்ல இருந்து மாசாமாசம் போகட்டும். கரு தங்கலன்னாலும், நடுவுல கலைஞ்சாலும் அதுவரைக்கும் உள்ளது அவங்களுக்குத்தான்.

சாதாரணமா குழந்தை பெத்துக்குறவங்கள எந்த ஜட்ஜும் கேள்வி கேக்குறது இல்லையே, இவங்களுக்கு மட்டும் ஏன்னு ஒரு ஃபிரெண்டு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அங்க மூணாவதா ஒருத்தர் உயிரைப் பணயம் வைக்கல. இங்க ஜட்ஜ் கேக்குறது ஜோடிக்குத் தகுதி இருக்கான்னு இல்ல, அந்த மூணாவது ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் சரின்னாங்களான்னு.