கையேந்தல அண்ணாச்சி, பங்கு கேக்குறோம்

நேத்து என் பதிவுக்குக் கீழ நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. கோவை, மதுரை மெட்ரோ ஃபைலை டெல்லி திருப்பி அனுப்பினதைப் பத்தி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். "வெள்ளம் வந்தா நிவாரணத்துக்குக் கையேந்துவீங்க, இப்ப ரயிலுக்குமா"ன்னு கேட்டு சிரிப்பு பொம்மை போட்டுட்டுப் போறாரு ஒருத்தர். பேர் வேண்டாம். வெளியூர் ஆள்னா கண்டுக்காம போயிருப்பேன், இவரு தூத்துக்குடி மாவட்டத்துல எங்க ஏரல் பக்கத்து ஆளு, அதான் எரியுது.

அண்ணாச்சி, யாரு கையேந்தினது? மாநிலப் பேரிடர் நிதின்னு ஒண்ணு இருக்கு, டெல்லிக்கும் மாநிலத்துக்கும் பணம் பிரிக்கிற நிதிக்குழு போட்ட கணக்கு, 75 பங்கு டெல்லி, 25 பங்கு மாநிலம். புயல் வந்தாலும் வராட்டாலும் வருஷா வருஷம் வந்தாகணும். 2023-24ல அந்த டெல்லி பங்கு 900 கோடி. அதை ரெண்டு தவணையா அனுப்பிட்டு, வெள்ளம் வந்தப்ப "900 கோடி குடுத்தாச்சே"ன்னு டிவியில சொன்னா எப்படி? மாசச் சம்பளத்தைக் குடுத்துட்டு "உன் கஷ்டத்துக்கு உதவி பண்ணேன்"னு ஊரெல்லாம் சொல்லித் திரியிற முதலாளிய நீங்க பாத்ததில்லையா?

சரி, அதுக்கு மேல என்ன வந்துச்சு? மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேத்து தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரல்ல ஒத்துக்கிட்டது 682 கோடி. கைக்கு வந்தது 276 கோடி. நடுவுல மீதி எங்க போச்சுன்னா, அந்த மாநிலப் பேரிடர் நிதியில மிச்சமிருக்கிற பணத்துல பாதியைக் கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, அது விதி. தலைப்புச் செய்தியில ஒரு தொகை, பாஸ்புக்குல வேற தொகை.

"37,000 கோடி கேட்டா யாரு குடுப்பா, விதியில நிரந்தரச் சீரமைப்புக்கு இடமே இல்ல, உடனடி நிவாரணம் மட்டும்தான்"னு ஒருத்தர் நீளமா எழுதியிருந்தாரு. கேட்டது அதிகம்னே வச்சுக்கங்க. பாதியாக்குங்க, கால்வாசியாக்குங்க, பத்துல ஒண்ணாக்குங்க, அப்பவும் 3,790 கோடி வருது சார். 276 எந்த கணக்குல வருது? அதே நேரத்துல வறட்சிக்கு 3,454 கோடி வாங்க கர்நாடகா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, அதையும் கையேந்தினதுன்னுதான் சொல்லுவீங்களா?

2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. எங்க சித்தப்பா வாழை மொத்தமும் போச்சு, குலை தள்ளுற நேரம். குளம் உடைஞ்சு ஊருக்கு வர்ற ரோட்டுல இருந்த சின்னப் பாலம் பக்கவாட்டுல அறுத்துக்கிட்டுப் போயிருச்சு, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கத்திக் கத்திப் பேசிக்கிட்டோம், சித்தி மாத்திரை தீந்துபோச்சுன்னு அந்தப் பக்கத்துல இருந்து சொல்றாங்க, இந்தப் பக்கம் நான் என்ன பண்ண முடியும். அப்ப பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவரு கைக்காசைப் போட்டு ஜேசிபி வச்சு மண்ணை நிரப்பினாரு. பஞ்சாயத்து அக்கவுண்ட்ல இருந்ததே குடிதண்ணி, சுகாதாரம்னு பிரிச்சுக் கட்டிப்போட்ட பணம், அதுல கைவைக்க முடியாது. வாடகை பில்லை எழுதி எழுதி அனுப்பிட்டு அலுத்துப் போனாரு மனுசன். நான் சொல்ற பங்கு கடைசியில வந்து நிக்கிற இடம் இதுதான். சென்னையும் டெல்லியும் லெட்டர் போட்டுக்கிட்டே இருக்கலாம், குழியை மூடுறவன் பஞ்சாயத்துக்காரன்.

ஒண்ணு கவனிச்சீங்களா, ஸ்ரீவைகுண்டத்துக்கிட்ட தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியெல்லாம் அடிச்சுட்டுப் போய் அந்தரத்துல தொங்குச்சே, அதை ரயில்வே சில வாரத்துல சரி பண்ணிருச்சு. நல்ல விஷயம், பாராட்டுறேன். அவங்க சொத்துன்னா அவ்வளவு வேகம் வருது. எங்க ரோட்டுக்கு மட்டும் விதி பேசுது.

இப்ப மெட்ரோவுக்கு வாங்க. 2017 கொள்கைப்படி 20 லட்சம் சனம் வேணுமாம், அதுவும் 2011 கணக்குப்படி. 2021ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்காம விட்டது யாரு, நானா? புறநகரையும் சேத்தா கோவை அந்தப் பழைய கணக்குலயே 20 லட்சத்தைத் தாண்டுது. ஆக்ராவும் போபாலும் 2011ல 20 லட்சம் இருந்துச்சா? அதுக்கெல்லாம் இந்தக் கொள்கை வந்த பிறகுதானே ஓகே சொன்னீங்க? சென்னை ரெண்டாம் கட்டத்தையே எடுத்துக்கங்க, 2020 நவம்பர்ல அடிக்கல், 2021 பட்ஜெட்ல அறிவிப்பு, ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர். 63,246 கோடி திட்டத்தை அதுவரைக்கும் மாநிலம்தான் இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு.

"மாநில அரசு மட்டும் யோக்கியமா"ன்னு அடுத்து வருவீங்க, தெரியும். இல்லதான். எங்க மாவட்டத்துல ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு, தேர்தல் வைக்கல, தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியமும் கிடையாது. திட்டுங்க, நானும் சேந்து திட்டுறேன். ஆனா அதைக் காட்டி டெல்லி கணக்கை மூடாதீங்க.

எனக்குக் கோவம் பணத்துல கூட இல்ல இப்ப. அந்த வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில்ல 800 பேர் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டாங்கல்ல, தங்களோட வீட்டுக்குள்ளயே தண்ணி நிக்கும்போது அரிசியைக் கொண்டாந்து சோறாக்கிப் போட்டது புதுக்குடி சனம். எந்த விதிமுறையும் பாக்கல. அந்தச் சனத்தைப் பாத்துத்தான் கையேந்துறவன்னு சிரிக்கிறீங்க, அதுவும் அந்தத் தண்ணியைக் குடிச்சு வளந்த நீங்க.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்கல்ல, பைக்ல வாங்க அண்ணாச்சி. உங்க புதுக்கார் அந்தச் சின்னப் பாலத்துல அடி தட்டும்.