திரும்புவதற்கே ஒரு பட்டன்
சண்டை கேம் பாத்திரங்களைச் சாகசக் கேமுக்குள் கொண்டுவந்தாலே தோல்விதான் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 'மோர்ட்டல் கொம்பாட்' என்ற சண்டை கேம் தொடரின் சப்-ஸீரோ என்ற பாத்திரத்தை வைத்து 1997இல் வந்த சாகசக் கேமான 'மோர்ட்டல் கொம்பாட் மிதாலஜீஸ்: சப்-ஸீரோ' கெட்டுப்போனது பாத்திரத்தால் அல்ல, கட்டுப்பாட்டால். சண்டை கேமில் எதிரி ஒருவன்தான், நம் ஆள் தானாகவே அவன் பக்கம் திரும்பிக்கொள்வான். இதிலோ பின்னால் வருபவனைப் பார்க்கத் தனியாக ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் நின்று இதைச் செய்து பாருங்கள், தெரியும். திருகோணமலை உவர்மலையில் அண்ணாவோடு பிளேஸ்டேஷனில் ஆடிய காலத்தில், காற்றுக் கடவுள் வரும் லெவலில் விழுந்து விழுந்தே எங்களுக்கு வெறுத்துப்போனது, எதிரியிடம் தோற்றது குறைவு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கிராபிக்ஸ் பழசு என்பதுதான் காரணம் என்கிறார். இல்லை, அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பிடித்தே இருந்தது. சரி, 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு 'ஷாவோலின் மங்க்ஸ்' வந்ததே? அதுவும் சாகசக் கேம்தான்; அதே மோர்ட்டல் கொம்பாட் உலகம், லியு காங், குங் லாவ் என்று அதே சண்டை கேம் ஆட்கள். கண்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளிய பக்கம் அடி விழும், இருவர் சேர்ந்தும் ஆடலாம். மச்சான்மாரோடு விடிய விடிய ஆடியிருக்கிறோம். கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது பெரிய குறை.