வெளிக்காட்டுக் கிராணியின் கன்னம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடை வரிசையில் மணியத்தின் முடிவெட்டும் கடை. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆள் உட்காரலாம், இன்னொன்றில் எப்போதும் துண்டு காயும். சனிக்கிழமை காலை பத்து மணி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டை மேற்பார்த்து ஓய்வு பெற்ற வெளிக்காட்டுக் கிராணி உள்ளே நுழைகிறார். மூன்று வாரமாக ஷேவுக்கு வராத மனிதர். முகத்தில் டிஷ்யூ தாள் துணுக்குகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

மணியம்: வாங்க ஐயா. வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறதா?

கிராணி: பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை.

மணியம்: அப்போ அம்மாவோடு சண்டையா?

கிராணி: வாயை மூடுலா. நானே ஷேவ் பண்ணினேன்.

மணியம்: எதை வைத்து? தேங்காய்த் துருவியா?

(கிராணி சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து, தாலி பிரிப்பது போல நிதானமாகப் பிரிக்கிறார். உள்ளே பளபளவென்று ஒரு ஷேவிங் செட்.)

கிராணி: ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் பிடித்தேன். ஜில்லெட். செல்லப் பெயர் 'ஃபேட் பாய்'.

மணியம்: குண்டுப் பையனா? உடம்பைப் பார்த்தால் பேர் சரிதான்.

கிராணி: 1958-லிருந்து 1961 வரைதான் இதைச் செய்தார்கள். இது எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கலாம், தெரியுமா? இந்தா பூதக்கண்ணாடி. தலைக்கு அடியில் பார்.

மணியம்: எஃப்... ஒன்று.

கிராணி: எஃப் என்றால் 1960. ஒன்று என்றால் முதல் மூன்று மாதம்.

மணியம்: 1960 தொடக்கமா? அப்போது நம் ஊரில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலமே முடியவில்லையே.

கிராணி: ஜூலை 31-ஆம் தேதி முடிந்தது.

மணியம்: உங்கள் முகத்தில் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

கிராணி: கிண்டலை விடு. பிடியின் அடியில் உள்ள குமிழைத் திருகு.

(மணியம் திருகுகிறார். தலை நடுவில் பிளந்து, இரண்டு கதவுகள் மெல்ல விரிகின்றன. மணியத்தின் வாயும் கூடவே விரிகிறது. ஆனால் ஒத்துக்கொள்கிற ஆளா?)

மணியம்: ம்ம். பரவாயில்லை. கோயில் நடை திறக்கிற மாதிரி இருக்கிறது.

கிராணி: வாங்கிய அன்று திறக்கவே இல்லை. அறுபது வருஷத்துச் சோப்பு உள்ளே கல்லாகிக் கிடந்தது. வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கலந்து ஊற வைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, கடைசியில் ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தேன். கறுப்புத் தண்ணீர் வந்தது பார்!

மணியம்: யார் தாடியோ என்னவோ.

கிராணி: ஏதாவது ஒரு துரை தாடியாக இருக்கும்.

மணியம்: அவர் போயும் அவர் அழுக்கை நீங்கள்தான் கழுவுகிறீர்கள். சரி, என்ன விலை?

கிராணி: (இருமுகிறார்) 280 ரிங்கிட்.

மணியம்: 280 வெள்ளியா? என்னிடம் ஷேவ் 8 வெள்ளி. 35 தடவை வரலாமே! அந்தக் கடைக்காரர் கத்தியே எடுக்காமல் உங்களுக்கு மொட்டை போட்டிருக்கிறார்.

கிராணி: பிளேடு மலிவுப்பா. இன்றைக்குச் சீனன் கடையில் விற்கிற இரண்டு பக்கப் பிளேடு இதில் அப்படியே உட்காருகிறது. அதுதான் அந்த மனிதர் மூளை.

மணியம்: எந்த மனிதர்?

கிராணி: கிங் ஜில்லெட். அமெரிக்காக்காரர். ராஜா இல்லை, பேரே கிங். மழுங்கினால் தீட்டாதே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு பிளேடு வாங்கு, இதுதான் அவர் கண்டுபிடித்தது. 1903-இல் விற்க ஆரம்பித்தார். முதல் வருஷம் 51 செட், 168 பிளேடு.

மணியம்: அத்தோடு கடையை மூடியிருந்தால் எங்களுக்கு நல்லது நடந்திருக்கும்.

கிராணி: முதல் உலகப் போரில் அமெரிக்கா தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் செட் வாங்கியது. பட்டாளத்திலிருந்து திரும்பியவன் வீட்டிலேயே வழித்துக்கொண்டான்.

மணியம்: நாசமாய்ப் போக. எங்கள் பிழைப்பில் மண் போட்டவர் அவர்தானா?

கிராணி: பிளேடு உறையில் அவர் படத்தையே அச்சடித்து விற்றார்கள். நல்ல மீசை.

மணியம்: மீசையா! ஊரையெல்லாம் வழிக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் மீசை வைத்துக்கொண்டாரா? அப்பவே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா ஐயா? எங்கள் அப்பா நாற்பது வருஷம் இதே கடையில் நின்றார். வாடிக்கைக்காரர் முகத்தில் ஒரு நாள் இந்த ஷேவிங் செட்டை வைத்தவர் இல்லை. மடக்குக் கத்திதான்.

கிராணி: அவர் சாமான் எல்லாம் எங்கே?

மணியம்: எனக்குப் பழசு ஆகாது. அவர் போன பிறகு மூன்று டின் நிறையக் கிடந்தது. 'சூராட் காபார் லாமா', பழைய பேப்பர் என்று கத்திக்கொண்டு ஒரு லாரி வந்தது. டின்னோடு தூக்கிப் போட்டேன். 12 வெள்ளி. அது கிடக்கட்டும், கழுத்தில் இது என்ன எண்?

கிராணி: 1 முதல் 9 வரை திருப்பலாம். நான் 9-இல் வைத்தேன்.

மணியம்: ஏன்?

கிராணி: காசு கொடுத்து வாங்கியாயிற்று. முழு வேகத்தில் ஓடட்டுமே என்று.

மணியம்: ஐயா, இது என்ன காற்றாடியா? எண் ஏற ஏறப் பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி கூடும். காட்டுப்பன்றி மாதிரி தாடி உள்ளவனுக்கு 9. உங்களுக்கு இருப்பது கோழிக்குஞ்சு ரோமம். கூடவே அழுத்தியும் இருப்பீர்களே?

கிராணி: அழுத்தாமல் எப்படி வெட்டும்?

மணியம்: உட்காருங்கள்.

(துண்டை உதறிக் கட்டுகிறார். காய்ந்த தாள் துணுக்குகளை ஈரப் பஞ்சால் நனைத்து ஒவ்வொன்றாக எடுக்கிறார். எண்ணிக்கொண்டே எடுக்கிறார். புதுப் பிளேடு போட்டு, எண்ணை 3-க்குக் கொண்டுவந்து, சோப்பைக் குழைத்துப் பூசுகிறார்.)

மணியம்: இதற்கு எடை இருக்கிறது. அந்த எடையே வெட்டும், கை சும்மா கூடப் போனால் போதும். சாய்வு ஒரு 30 டிகிரி. ஆமாம், ரப்பர் மரத்தில் பால் வெட்டுக் கோட்டுக்கு என்ன சாய்வு ஐயா?

கிராணி: அதுவும் 30 டிகிரிதான்.

மணியம்: பட்டை எவ்வளவு சீவ வேண்டும்?

கிராணி: ஒரு வெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் போதும்.

மணியம்: ஆழமாய்ப் போனால்?

கிராணி: மரத்தில் காயம். புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அந்தப் பக்கம் வெட்ட முடியாது.

மணியம்: எங்கள் அம்மா ஒரு மரத்தில் ஒரு காயம் போட்டதற்குப் பெரட்டில், காலையில் பேர் எடுக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால் ஏசினீர்கள். இப்போது நான் கணக்கு எடுத்தேன். கன்னத்தில் 4, தாடையில் 3, மூக்கடியில் 1. ஒரே மரத்தில் 8 காயம்.

கிராணி: (கண்ணாடியில் பார்க்காமல்) மரத்துக்கு வாய் இல்லை மணியம். அதற்காக யாராவது பேச வேண்டுமில்லையா?

மணியம்: அம்மாவும்தான் வாய் திறக்கவில்லை. கழுத்தைத் தூக்குங்கள்.

(சர்... சர்... மெல்லிய சத்தம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கிராணிக்குக் கண் சொக்குகிறது. இந்த நேரத்தில்தான் மனிதருக்கு வாய் நீளும்.)

கிராணி: இன்னொன்றும் வாங்கினேன். அந்தக் கைக்குட்டையிலேயே இருக்கிறது பார். 'டெக்' என்று பேர். 1938 வாக்கில் வந்த மாடல். மூடி, தட்டு, பிடி, மூன்றாகக் கழலும். பூச்சு போய்ப் பித்தளை தெரிகிறது, அதனால் 90 வெள்ளிக்குத் தந்தார்.

(மணியம் எடுத்துப் பார்க்கிறார். பிடியின் அடியைத் திருப்புகிறார். சத்தம் இல்லை.)

கிராணி: என்னப்பா?

மணியம்: இதில் 'மு' என்று கீறியிருக்கிறது.

கிராணி: ஆமாம், ஆணியால் யாரோ கீறியிருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் 10 வெள்ளி குறைத்தேன்.

மணியம்: யாரோ இல்லை. எங்கள் அப்பா. லயத்தில் பக்கத்து வீட்டு மாமாவிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது. மாறிப் போகக் கூடாது என்று கீறினார்.

கிராணி: உன் அப்பா ஷேவிங் செட்டையே தொடமாட்டார் என்றாயே?

மணியம்: வாடிக்கைக்காரர் முகத்தில் வைத்தது இல்லை என்றேன். தன் முகத்தில் வைத்ததைப் பற்றி நான் பேசவே இல்லையே.

கிராணி: மூன்று டின் 12 வெள்ளி. அதில் ஒரு சாமான் ஈப்போ போய் 90 வெள்ளியாகத் திரும்பி வந்திருக்கிறது. யாருக்கு மொட்டை மணியம்?

மணியம்: சரி சரி. கொடுத்துவிடுங்கள் ஐயா.

கிராணி: 90.

மணியம்: கையில் இல்லை. 11 ஷேவ் இனாம். 88 ஆயிற்று. மீதி 2 வெள்ளிக்கு ஒரு தேத்தண்ணீர் வாங்கித் தருகிறேன்.

கிராணி: இன்றைக்குச் செய்ததும் அந்தப் பதினொன்றில் சேர்த்தியா?

மணியம்: சேர்த்தி இல்லை. அதற்கு 8 வெள்ளி தனி.

கிராணி: என் செட்!

மணியம்: என் கை.

(மணியம் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் பதினோரு கோடுகள் போடுகிறார். கிராணி சோப்பு நுரை காயாத கழுத்தோடு எழுந்து வந்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்.)