ஒரு ரப்பர் வளையத்துக்காக

வெளிநாட்டில் காசு இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கருக்கு ஒரு கேஸ்கெட் வாங்கிப் பார்த்தால் தெரியும். பழையது வெடித்து, ஓரமெல்லாம் ஆவி கசிகிறது, விசில் வரவே மாட்டேன் என்கிறது. இங்கே விற்கும் வளையத்தைப் போட்டால் மூடி பூட்டவே இல்லை. விட்டம் ஒரு நூல் அதிகம். நல்ல பாத்திரத்தை ஒரு ரப்பருக்காக மூலையில் வைக்க வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது.

சோப்பு இன்னும் மோசம். அதே பெயர், அதே உறை, பிரித்தால் வேறு வாசனை. நாட்டுக்கு நாடு கலவையை மாற்றுகிறார்கள். சரி, மாற்றட்டும். உறையிலாவது சொல்லக் கூடாதா?

மாத்திரை விஷயத்தில் பயமே வருகிறது. ஊரில் சாதாரண ஜலதோஷத்துக்கு வாங்குவது இன்னொரு நாட்டில் தடைசெய்த பொருள். மூக்கடைப்புக்கான மருந்தான சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது.

பார்சலில் வரவழைக்கலாமே என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான சின்னப் பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலையோடு போய்விட்டது. அப்புறம், ஊர் போய்த் திரும்புகிறவரிடம் கேட்கலாமென்றால் அவருக்கும் பெட்டிக்கு 23 கிலோதான். அவர் வீட்டுச் சாமானுக்கே இடம் போதாது. வாய் திறந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது.