கரியும் நம்ம மண்ணில், புயலும் நம்ம கரையில்

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாள். பண்ருட்டிப் பக்கம் மாமாவின் முந்திரித் தோப்புக்கு இரண்டு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. வழியெல்லாம் மரம். தாத்தா வைத்த பலா வேரோடு பெயர்ந்து கிணற்றின் மேல் கிடந்தது. மாமா அழவில்லை. "நெல்லுன்னா அடுத்த போகத்துல எடுத்துடலாம்பா. இந்தத் தோப்பு திரும்ப இப்படி நிக்க எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்டார்.

புவி வெப்பமாதல் என்றால் பலருக்குப் பனிமலை உருகுவதுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்தப் பலாமரம்.

புயல் வங்கக் கடலுக்குப் புதிதல்ல. எந்த ஒரு புயலையும் காட்டி "இது முழுக்க வெப்பமாதலால் வந்தது" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் பூமியில் கூட்டிய வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. புயலுக்குச் சோறு போடுவது அந்தச் சூடுதான். காற்று 1 டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை ஆறு எங்கள் பக்கம் கரைமீறி வந்தது.

இதில் என் மனதை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சூட்டுக்குக் காரணமான கரியமில வாயுவில் ஒரு பங்கு நம் கடலூர் மாவட்டத்துப் புகைபோக்கிகளிலிருந்தும் போகிறது. நெய்வேலியில் தோண்டி மின்சாரத்துக்கு எரிக்கும் பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். அதே அளவு மின்சாரத்துக்குக் கருப்பு நிலக்கரியைவிட அதிகமாக வாயு விடும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்ததும் நாம், புயல் வாங்குவதும் நாம். சித்தப்பா மகன் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. நாளைக்கே மூடு என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் விளைகிற வயலைப் புதிதாகத் தோண்டக் கூடாது. சூரிய மின்சார வேலைகளுக்கான பயிற்சியும் முதல் இடமும் நிலம் இழந்த குடும்பங்களுக்கே என்று இப்போதே எழுதித் தர வேண்டும். சுரங்கம் தீர்ந்த பிறகு பேசிப் பயனில்லை.

வந்துவிட்ட வெப்பத்தைச் சமாளிக்கவும் வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. சுனாமி வெப்பமாதலால் வருவதல்ல; ஆனாலும் 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அடி குறைவு. சீரழிந்த பகுதிகளில் மீன் முள் போல வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க விட்டு, அங்குள்ள மக்களும் சேர்ந்து அந்தக் காட்டை மீட்டிருக்கிறார்கள். கன்றை நட்டு போட்டோ எடுத்துவிட்டுப் போவது வேறு, இது வேறு. தண்ணீர் வந்துபோகும் வழியைச் சரிசெய்தால் மரம் தானே நிற்கும்.

ஏரிக்கும் இதே கணக்குதான். தூர் வாருகிறார்கள், சரி. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கலைத் தாண்டி உபரிநீர் ஓட வேண்டிய வாய்க்காலில் வீடும் கடையும் நின்றால் அந்தத் தண்ணீர் தெருவுக்குத்தானே வரும்? அடுத்த கிராம சபையில் எங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து ஆறுவரை வாய்க்காலை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். மாமாவும் கையெழுத்துப் போடுகிறார். 2012இல் அவர் வைத்த விருத்தாசலம் ஒட்டு முந்திரிக் கன்றுகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. கிணற்றடியில் பலா மட்டும் இன்னும் வைக்கவில்லை.